உப்பு கசிந்தால் கூழ் கிண்டாதே

ஐப்பசி பிறந்த சில நாளிலேயே நெடுங்காட்டு அடுக்களைகளில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். பீங்கான் ஜாடியில் போட்டுவைத்த கல்லுப்பு விரலில் ஒட்டும். இன்னும் இரண்டு மழை பெய்தால் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். அது யாரும் ஊற்றாத தண்ணீர். "உப்பு கசியுது, இன்னிக்கு எதையும் காயப்போடாதே" என்று மாமியார் சொன்னால், மருமகள் முறத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவாள்.

அந்த மாமியார் ஈரமானியைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் விரல் பட்ட உப்பே ஓர் ஈரமானிதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொடும்வரை தூய உப்பு உலர்ந்தே கிடக்கும். அதைத் தாண்டினால் காற்றிலுள்ள நீராவியைத் தன்மேல் இழுத்து, அந்த நீரிலேயே கரையத் தொடங்கிவிடும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் கலந்திருக்கும். அதற்கு 33 விழுக்காடு ஈரமே போதும். வேதாரண்யத்து உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பு, பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த தூளுப்பை முந்திக்கொண்டு கசிவது இதனால்தான். காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. வங்கக் கடலில் திரளும் மேகத்தை அது பார்த்துச் சொல்லும். அடுக்களைக்குள் எவ்வளவு ஈரம் என்பதை உப்பு ஜாடிதான் சொல்ல வேண்டும்.

1783இல் சொசூர் என்ற ஜெனீவா அறிஞர் மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரம் அளக்கும் கருவி ஒன்றைப் பற்றி எழுதினார். ஈரத்தில் முடி நீளும், உலர்ந்தால் குறுகும். அந்த நுண்ணிய நீளலையும் குறுகலையும் ஒரு முள்ளில் கட்டிவிட்டால் கருவி தயார். முடி மட்டுமல்ல, பருத்தி நூலும் அரிசி மாவும் மிளகாய்த் தோலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறுபவைதான். பருவத்துக்குப் பருவம் வீட்டில் செய்யும் பண்டங்களும், ஓய்ந்த நேரத்தில் கொக்கியூசியால் போடும் குரோஷாப் பின்னலும் இந்த ஈரத்தைக் கணக்கில் எடுத்தே நடக்கின்றன. எத்தனை டம்ளர் மாவு, எத்தனை கண்ணி என்று குறிப்பேடு சொல்லும். எந்த மாதத்துக் காற்றில் என்பதை அது பெரும்பாலும் சொல்லாது. சொல்லாமல் விட்ட அந்தப் பகுதியில்தான் அறிவியல் நிறைய இருக்கிறது.

வெயிலும் கடற்காற்றும்

நெடுங்காடு காரைக்கால் மாவட்டத்தின் கொம்யூன் பஞ்சாயத்துகளில் ஒன்று. நிர்வாகம் புதுச்சேரியுடையது, சுற்றிலும் இருப்பது தமிழ்நாடு. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவோடு சேர்ந்தது. 'கொம்யூன்' என்ற சொல் மட்டும் பஞ்சாயத்துப் பலகையில் நின்றுவிட்டது. அரசலாறு, நூலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் கிளைகள் கடலை நெருங்கும் நெல்வயல் பூமி இது. மேற்கிலிருந்து வயலின் ஈரம், கிழக்கிலிருந்து கடலின் ஈரம். இங்கே ஒரு பொருளைக் காயவைப்பது எளிதல்ல. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை அறுவடைக்குப் பின் வெயில் ஏறத் தொடங்கும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரைதான் மொட்டைமாடிக்கும் முற்றத்துக்கும் வேலை.

பங்குனி விடியலில் காற்று 25 பாகை வெப்பத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 35 பாகைக்குச் சூடேறினால் ஏறக்குறைய 40 கிராம் தாங்கும். விடியலில் பனியால் நிறைந்திருந்த காற்றுக்கு நண்பகலில் பாதிக்கு மேல்தான் வயிறு நிறைந்திருக்கும். மீதி இடத்துக்கு வடாத்திலிருந்தும் வற்றலிலிருந்தும் அது நீரை வாங்கிக்கொள்ளும். காற்றிலுள்ள நீராவி குறையாமலேயே, சூடு ஏறியதால் மட்டும் அது 'வறண்ட காற்று' ஆகிவிடுகிறது.

இந்த வாய்ப்பும் நாள் முழுக்க நீடிக்காது. நிலம் சூடேறச் சூடேற, பகலில் கடற்காற்று உள்ளே புகும். வியர்த்த உடம்புக்கு அது சுகம், பாதி காய்ந்த வடாத்துக்கு விரோதி. அதனால்தான் விடியலுக்கு முன் கூழ் கிண்டி, வெயில் உறைக்கும் முன் பிழிந்து முடித்து, பொழுது சாயும் முன் உள்ளே எடுத்து வைக்கும் வழக்கம். விடியலில் எழுவதற்குக் காரணம் சுறுசுறுப்பு மட்டுமல்ல. கூழைப் பிழிந்த முதல் சில மணி நேரம்தான் நீர் வேகமாக வெளியேறும் நேரம். அந்த நேரத்தை உச்சி வெயிலோடு பொருத்துகிறார்கள்.

கூழ் கண்ணாடியாகும் கதை

பிழியும் வடாத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசி மாவு, கால் டம்ளர் ஊறிய ஜவ்வரிசி, மூன்று டம்ளருக்குக் குறையாமல் தண்ணீர், அரைத்த பச்சைமிளகாய், பெருங்காயம், உப்பு, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு. தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, அது கண்ணாடி போலத் தெளிந்தபின் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்ட வேண்டும்.

அடுப்பில் நடப்பது இதுதான். அரிசி மாவிலுள்ள மாவுச்சத்து சின்னச் சின்ன மணிகளாக இறுகக் கட்டப்பட்டிருக்கும். பச்சைத் தண்ணீர் அதற்குள் அதிகம் நுழையாது. வெப்பம் 65 முதல் 78 பாகைக்குள் போகும்போது அந்தக் கட்டு தளர்ந்து, நீர் உள்ளே புகுந்து, மணிகள் உப்பி உடையும். கரண்டி திடீரென்று கனக்கும் கட்டம் அது. அதுவரை பால்போல் வெள்ளையாக இருந்த கூழ் அப்போது பளபளப்பாகும். மாவு வேகவில்லை என்றால் வடாம் காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிரும், எண்ணெயில் பொரியவும் பொரியாது. 'கையில் தண்ணீர் தொட்டுக் கூழைத் தொட்டால் ஒட்டக்கூடாது' என்ற பழைய பக்குவம், மணிகள் எல்லாம் உடைந்துவிட்டனவா என்பதற்கான சோதனை.

இந்தக் கட்டத்தில் உப்பு கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும் என்பார்கள். காரணம் எளிது. தண்ணீர் பறந்துவிடும், உப்பு பறக்காது. கூழில் சரியாக இருக்கும் உப்பு, காய்ந்த வடாத்தில் மூன்று நான்கு மடங்கு அடர்ந்து கரிக்கும்.

இனி வெயிலின் கணக்கு. ஒரு கிலோ மாவில் கிண்டிய கூழிலிருந்து ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,430 கிலோஜூல் ஆற்றல் தேவை. தெளிந்த நடுப்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் வினாடிக்கு ஒரு கிலோஜூல் அளவு. இரண்டு சதுர மீட்டர் வேட்டியில் பிழிந்திருந்தால், வெயில் முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவானால், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் இரண்டு மூன்று நாள் ஆகிறதே?

வெயிலில் ஒரு பங்கு திருப்பி எறியப்படுகிறது, ஒரு பங்கு காற்றைச் சூடாக்கப் போய்விடுகிறது. அவற்றைவிடப் பெரிய காரணம், நீர் வடாத்தின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு நடந்து வரவேண்டும் என்பது. மேற்பரப்பில் இருக்கும் நீர் முதல் பகலிலேயே போய்விடும். நடுவில் சிக்கிய நீர் மாவுச்சத்து இழைகளுக்கிடையே தட்டுத்தடுமாறித்தான் வெளியே வரும். இப்படிப் பரவி வருவதற்கு ஒரு கறாரான விதி உண்டு: கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தேன்குழல் நாழியில் மெலிதாகப் பிழிவது அழகுக்காக மட்டுமல்ல என்பது இப்போது புரியும்.

மூன்றாம் நாள் மாலை, ஒரு கை வடாத்தை அள்ளிக் குலுக்கிப் பார்ப்பார்கள். 'சலசல' என்று சத்தம் வந்தால் டப்பாவில் போடலாம். சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். இந்தக் காதுச் சோதனைக்குப் பின்னால் இருப்பது பொருளறிவியலில் 'கண்ணாடி நிலை மாற்றம்' என்று சொல்லப்படும் விஷயம். ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மாவுச்சத்து இழைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு நகரும். வடாம் தோல்போல வளையும். ஈரம் 10 விழுக்காட்டை ஒட்டி இறங்கியதும் இழைகள் அசைவற்று உறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்கும் அந்த வடாத்துக்கும் உள்ளமைப்பு ஒரே மாதிரிதான்: ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்டு, அப்படியே விறைத்துப்போனவை. அதனால்தான் இரண்டுமே தட்டினால் ஒலிக்கும், மடக்கினால் உடையும்.

அதே வடாத்தைக் கார்த்திகையில் திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் நமத்துப்போகும். நீர் மீண்டும் இழைகளுக்குள் புகுந்து எண்ணெய் போட்டதுபோல் நகரவிட்டுவிட்டது. 'நமத்தல்' என்ற ஒரே சொல்லில் தமிழ் வீடு அடக்கி வைத்திருப்பதை, உணவு அறிவியல் ஒரு வரைபடம் போட்டு விளக்குகிறது.

எண்ணெயில் போட்டதும் இதே கதை தலைகீழாக, சில வினாடியில் நடக்கும். சூட்டில் கண்ணாடி இளகி ரப்பராகிறது. உள்ளே மிச்சமிருக்கும் சொட்டு நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் 1,700 மில்லிலிட்டர் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் இளகிய மாவு குமிழ்குமிழாக உப்பி, நீர் முழுவதும் போனதும் உப்பிய நிலையிலேயே மறுபடி கண்ணாடியாக உறைகிறது. ஒரேயடியாக வறண்ட வடாத்தில் ஆவியாக நீர் இல்லை, அதனால் பொரியாது. ஈர வடாத்திலோ ஆவி அதிகம், சுவர் பலமில்லை, அதனால் எண்ணெய் குடித்துச் சொதசொதக்கும். பக்குவம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய வரப்பு.

மாங்காயின் நான்கு மாதம்

காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கும். காரைக்கால் அம்மையாரின் கதையை நினைவுகூரும் அந்த விழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். தெருவில் விழும் அந்தப் பழம், மாசி பங்குனியில் வடுவாக இருந்தது, சித்திரை வைகாசியில் ஊறுகாய்க் காயாக இருந்தது. ஒரே மரம் நான்கைந்து மாதத்தில் மூன்று வேறு மூலப்பொருள்களைத் தருகிறது. வடுவில் கொட்டை முற்றியிருக்காது, புளிப்பு அமிலங்கள் மிகுந்திருக்கும். முற்றிய காயில் மாவுச்சத்து சேரும். பழுக்கும்போது எத்திலீன் வாயு தட்டி எழுப்ப, மாவுச்சத்து சர்க்கரையாகும், அமிலம் குறையும், செல்சுவரைப் பிடித்துவைத்த பெக்டின் தளரும். ஊறுகாய்க்குப் பழம் ஆகாது என்பதற்கு மூன்று காரணமும் இதில் அடக்கம்.

மாவடு போடுவதில் அடுப்பே இல்லை. ஒரு கிலோ வடுவைக் கழுவி, நன்றாகத் துடைத்து, சிறிது விளக்கெண்ணெயில் புரட்டி, 150 கிராம் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஜாடியில் குலுக்கி வைக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் ஊற்றாத தண்ணீர் ஜாடியில் நிற்கும். நான்காம் நாள் வடு சுருங்கியிருக்கும். அதன்பின் கடுகு, மிளகாய் அரைத்துக் கலப்பார்கள். உப்பு மிகுந்த இடத்தை நோக்கி வடுவின் செல்லிலுள்ள நீர் வெளியேறுவது சவ்வூடு பரவல். பள்ளிப் புத்தகத்தில் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துச் சொல்லித்தரும் பாடம் இது. மாவடு ஜாடியைக் காட்டினால் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் புரியும்.

இந்த உப்பு ஏன் காக்கிறது? நுண்ணுயிர்களுக்கு வேண்டியது வெறும் தண்ணீர் அல்ல, எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர். அதை 'நீர்ச் செயல்திறன்' என்ற எண்ணால் அளக்கிறார்கள். தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே வளர முடியாமல் நின்றுவிடும். சாதாரணப் பூஞ்சணங்கள் 0.80 வரை தாக்குப்பிடிக்கும். 0.60க்குக் கீழே எதுவும் வளராது. உப்பு முழுதும் கரைந்து இனிக் கரையாது என்ற நிலையிலுள்ள நீருக்கு இந்த எண் 0.75. ஐப்பசியில் உப்பு கசியும் 75 விழுக்காடும் இந்த 0.75உம் ஒரே எண்தான், ஒரே காரணம்தான்.

மாவடுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ வடுவில் சுமார் 850 கிராம் நீர். அதில் 150 கிராம் உப்பு கரைந்தால் 15 விழுக்காட்டு உப்புநீர். அதன் நீர்ச் செயல்திறன் ஏறக்குறைய 0.89. பாக்டீரியாவில் பெரும்பகுதி இங்கேயே நின்றுவிடும். மிஞ்சியதை மாங்காயின் புளிப்பு தடுக்கும். பூஞ்சணம் மட்டும் இரண்டையும் தாண்டி வரக்கூடிய ஆள். அதற்குக் காற்று வேண்டும் என்பதால், மேலே மிதக்கும் எண்ணெயும் அன்றாடம் குலுக்கிவிடுவதும் அதை அடக்குகின்றன. ஒரே பெரிய மதில் கட்டாமல் நாலைந்து வேலி போடும் உத்தி இது. 'உப்பைக் குறைச்சுப் போடு, பிரஷர் இருக்கு' என்று வேலிகளில் ஒன்றை எடுத்தால், ஜாடியைக் குளிர்பதனப் பெட்டிக்குள் நகர்த்தி வேறொரு வேலி போட்டாக வேண்டும்.

இதே வேலி உத்தி கடற்கரையிலும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாளில் காரைக்கால்மேடு, பட்டினச்சேரி பக்கத்திலிருந்து வரும் கருவாட்டுக்குக் கிராக்கி கூடும். கருவாட்டிலும் உப்பு, வெயில், காற்று என்ற மூன்று வேலிதான். வடாம் காயும் மாடியும் கருவாடு காயும் கடற்கரையும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கங்கள்.

காரமாங்காய் ஊறுகாயும் எலுமிச்சை ஊறுகாயும் வெயிலில் வைக்கும்போது ஜாடியின் வாயை மூடியால் இறுக்க மாட்டார்கள். மெல்லிய துணியால் வேடு கட்டுவார்கள். மூடினால் வெயிலில் கிளம்பும் நீராவி மூடியின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து சொட்டாக விழும். உப்பில்லாத அந்தத் தெளிநீர்ச் சொட்டு விழுந்த இடத்தில் நீர்ச் செயல்திறன் திடீரென்று ஏறும். முதல் பூஞ்சணம் அங்கேதான் பூக்கும். வேடு கட்டிய துணி ஆவியை வெளியே விடும், ஈயையும் தூசியையும் உள்ளே விடாது.

கொக்கியின் பிரெஞ்சுப் பெயர்

அந்த வேட்டுத் துணியிலிருந்துதான் பின்னலுக்கு வருகிறேன். 'குரோஷா' என்று நம் வீடுகளில் சொல்வது பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் அதற்குச் 'சிறு கொக்கி' என்று பொருள். பிரெஞ்சு வாடை இன்னும் போகாத காரைக்காலில் அந்தச் சொல் அந்நியமாக ஒலிக்காது. 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி சபைக் கன்னியாஸ்திரிகள் பெண்களுக்குத் தையலும் பூவேலையும் கற்றுத்தந்தார்கள். ஆந்திரத்து நரசாப்பூரில் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வேரூன்றிய குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு, 11,148.5 சதுர மீட்டர் பரப்பில் குரோஷாப் போர்வை விரித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது.

குரோஷாவின் அதிசயம் அதன் எளிமை. காரைக்கால்மேட்டில் மீன்வலை பின்னுகிறவர் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முடிச்சுப் போட்டாக வேண்டும். அவிழ்ந்தால் மீன் போய்விடும். குரோஷாவில் முடிச்சே இல்லை. வளையத்துக்குள் வளையமாக இழுத்துக்கொண்டே போவதுதான். எப்போதும் ஊசியில் தொங்குவது ஒரே ஒரு உயிருள்ள வளையம். அதை இழுத்தால் பத்து நாள் வேலையும் ஒரே நீள நூலாகத் திரும்பி வந்துவிடும். தவறு செய்தால் நூல் வீணாகாது என்பதால் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இது நல்ல கலை.

பருத்தி நூலை நீட்டினால் அதிகம் நீளாது. ஆனால் அதில் போட்ட பின்னல் நன்றாக நீளும். நீள்வது நூல் அல்ல, வளையத்தின் வடிவம். வட்டமாக இருந்த கண்ணி இழுத்ததும் நீள்வட்டமாகிறது, விட்டதும் திரும்புகிறது. குரோஷா நூலின் பளபளப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1844இல் ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர், காரச் சோடாவில் நனைத்த பருத்தி இழை உப்பிச் சாயத்தை நன்றாகப் பிடிப்பதைக் கண்டார். 1890இல் ஹோரஸ் லோ, இழையைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே அப்படி நனைத்தால் பட்டுபோல் மினுக்கும் என்று காட்டினார். தட்டையான நாடாபோல் முறுகிக் கிடந்த பருத்தி இழை, உருண்டையாகி ஒளியைச் சீராகத் திருப்பி அனுப்புவதே அந்த மினுக்கு.

ஈரமான காற்றுக்குப் பருத்தி ஏற்ற நூல். சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் 8 விழுக்காடு அளவு நீரை அது உள்ளே வைத்திருக்கும். நனைந்தால் அதன் வலு குறையாமல் கூடும். ரேயான் நூலுக்கு இதற்கு நேர்மாறு. அடிக்கடி துவைக்க வேண்டிய அடுக்களைத் துணிக்குப் பருத்தியைத் தேர்ந்தெடுக்க இது போதும். ஒரு எச்சரிக்கை: சித்திரைப் புழுக்கத்தில் வியர்த்த விரலில் நூல் வழுக்காது, பிடிக்கும், கண்ணிகள் இறுகும். மார்கழியில் போட்ட அதே கையின் பின்னல் சற்று அகலமாக இருக்கும். ஒரே துண்டை இரண்டு பருவத்தில் போட்டால் அளவு மாறும்.

ஏன் ஆறு?

வட்டமாகக் குரோஷா போடக் கற்றுத்தருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் விதி ஒன்று. சிங்கிள் குரோஷாவில் முதல் சுற்று ஆறு கண்ணி, அடுத்தது 12, அதற்கடுத்தது 18. சுற்றுக்கு ஆறு கூட்டினால் வட்டம் தட்டையாக உட்காரும். ஏன் ஐந்தோ எட்டோ அல்ல?

வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு கூடினால் சுற்றளவு 6.28 பங்கு கூடும். சிங்கிள் குரோஷாக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஒவ்வொரு சுற்றும் ஆரத்தில் ஒரு கண்ணி உயரத்தைக் கூட்டுகிறது, விளிம்புக்கு 6.28 கண்ணி வேண்டும் என்கிறது. 0.28 கண்ணியைப் போட முடியாது. ஆறு போட்டால் மிச்சத்தை நூலின் நெகிழ்ச்சி சமாளித்துக்கொள்ளும். டபுள் குரோஷாவில் கண்ணி இரண்டு மடங்கு உயரம் என்பதால் சுற்றுக்குப் பன்னிரண்டு. பை என்ற எண்ணைக் கேள்விப்படாதவர்களும் அதைக் கையால் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஆறுக்குக் குறைத்தால் விளிம்பு போதாமல் பின்னல் கிண்ணமாகக் குழியும். தொப்பி போடுவது அப்படித்தான். ஆறுக்கு மேல் கூட்டினால் விளிம்பு மிஞ்சி, இடம் இல்லாமல் அலையலையாக மடியும். இதே விதியை வெயிலில் காயும் இலை வடாத்திலும் பார்க்கலாம். காற்றுப் படும் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கினால் நடுவுக்குச் சுற்றளவு போதாது, வடாம் கிண்ணமாகத் தூக்கிக்கொள்ளும். எண்ணெயில் போட்ட அப்பளத்தில் விளிம்பு நடுவை முந்தி விரிந்தால் ஓரம் அலைபோல் நெளியும். கரண்டியால் நடுவை அழுத்துவது, பின்தங்கிய நடுவையும் விரிய வைத்துச் சமன்செய்யத்தான்.

அலையும் விளிம்பைக் கணிதமே தேடிக்கொண்டு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லோபாசெவ்ஸ்கியும் போயாயும் கண்ட, இப்படி விளிம்பு மிஞ்சிக்கொண்டே போகும் 'அதிவளைவுத் தளம்' என்ற வடிவத்தைத் தொட்டுப் பார்க்கும்படி செய்துகாட்டுவது கடினமாக இருந்தது. காகிதத்தில் ஒட்டினால் கிழிந்துவிடும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா அதைக் குரோஷாவில் போட்டார். விதி ஒரே வரி: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போ. மூன்றுக்கு ஒன்று கூட்டினால், ஆறு கண்ணியில் தொடங்கியது பத்தாம் சுற்றில் 80 ஆகும், இருபதாம் சுற்றில் ஏறக்குறைய 1,400 ஆகும். தட்டை வட்டத்தில் அந்தச் சுற்றுக்கு வெறும் 120தான். மிஞ்சிய கண்ணிகள் எல்லாம் மடிப்பாகப் பூக்கும். நம் கொல்லையில் கோழிக்கொண்டைப் பூவும், கடலுக்கடியில் பவளப்பாறையும் இந்த வடிவம்தான். ஓரம் நடுவைவிட வேகமாக வளர்ந்தால் வேறு வழியில்லை. வெர்த்தைம் சகோதரிகள் 2005இல் தொடங்கிய 'குரோஷாப் பவளப்பாறை' திட்டம், அழியும் பவளப்பாறைகளைக் கவனப்படுத்த இந்த விதியைத்தான் கையில் எடுத்தது.

ஜாடிக்கு ஒரு வேடு

அடைமழை நாளில் திண்ணையில் உட்கார்ந்து செய்யச் சின்ன வேலை ஒன்று. ஓரம் மடித்துத் தைத்தபின் 18 சென்டிமீட்டர் விட்டம் இருக்கும்படி மல்துணி வட்டம் ஒன்றை வெட்டித் தைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் குரோஷாவில் போட்டால் கண்ணி இடைவெளியில் சின்ன ஈ நுழைந்துவிடும். ஆகவே நடுவில் துணி, ஓரத்தில் மட்டும் பின்னல். சுற்றளவு 56 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். அரை சென்டிமீட்டருக்கு ஒரு கண்ணி என்றால் 113. ஆறால் வகுபடும் 114ஆக வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றுக்குப் பின் கண்ணி கூட்டாமல் நாலைந்து சுற்றுப் போடுங்கள். கூட்டாததால் விளிம்பு தானே கீழே மடிந்து ஜாடியின் கழுத்தைப் பிடிக்கும். கடைசிச் சுற்றில் ஆறு கண்ணிக்கு ஒரு கண்ணாடிமணி கோத்தால் 19 மணி. கடற்காற்றில் வேடு பறக்காமல் அவை பாரமாகத் தொங்கும். உலோக மணி வேண்டாம், உப்பும் புளிப்பும் அதைத் தின்றுவிடும். உப்புக்காற்றில் இரும்பு ஊசியும் துருப்பிடிக்கும், அலுமினிய ஊசி நல்லது. நூலையும் துணியையும் முதலிலேயே நனைத்துக் காயவைத்துவிட்டால் பிறகு சுருங்காது.

இரண்டு வேடு செய்யுங்கள். நனைந்த துணியின் துளைகளை நீரே அடைத்துவிடும், ஆவி வெளியேறாது. ஒன்று துவைத்துக் காயும்போது மற்றது ஜாடியில் இருக்கட்டும். ஐப்பசியில் போட்ட வேடு பங்குனியில் வேலைக்கு வரும். மழையில் கைக்கு ஓய்வு கிடைக்கிறது, வெயிலில் அந்த ஓய்வின் பலன் ஊறுகாயைக் காக்கிறது.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வடாத்துக்கோ மாவடுக்கோ வேட்டுக்கோ குறிப்பு எழுதும்போது அளவுகளோடு மூன்றையும் எழுதுங்கள்: எந்த மாதம் செய்தது, எத்தனை வெயில் பட்டது, அன்று உப்பு ஜாடி எப்படி இருந்தது. அம்மா அதை வாயால் சொன்னதால் எழுதவில்லை. அடுத்த தலைமுறைக்கு அந்த மூன்று வரிதான் பக்குவம்.